கணக்கு குறைந்த கம்ப்யூட்டர் படிப்பு

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன்.

போன வருடம் என் மகள் எஸ்தர் ஆறாம் படிவம் முடித்தாள். கம்ப்யூட்டர் படிக்க அவளுக்கு ஆசை. ஆனால் கணக்கு வராது. ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வில் அதில் தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். கம்ப்யூட்டர் என்றாலே கணக்குதான் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

"வேணாம்பா. நான் பெக்டரி வேலைக்கே போயிடறேன்லா," என்றாள்.

வேலை முடிந்து முழங்கால் போட்டால் பாதி ஜெபத்திலேயே கண் சொருகிவிடும். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்வோம். நான் எப்போதும் "எல்லாருக்காகவும்" என்று முடித்துவிடுவேன். அன்றும் அப்படியே சொன்னேன். கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்யும் கிரேஸ் அக்கா விடவில்லை.

"எல்லாரையும் நாங்க பாத்துக்கறோம் தம்பி. உங்க வீட்டுல என்ன? மூஞ்சியே சரியில்லையே."

சொல்லிவிட்டேன்.

"கணக்கு இல்லாத கம்ப்யூட்டரா? காய் இல்லாத சாம்பார் லா!" என்று ஒருவர் சிரித்தார். எனக்குக் கூசியது.

"சும்மா இருங்க அண்ணே," என்றார் அக்கா. "தம்பி, படிப்போட பேரைப் பாத்துப் பயப்படாதீங்க. ஒவ்வொரு செமஸ்டருக்கும் என்னென்ன பாடம்னு லிஸ்ட் இருக்கும். அதைப் பாருங்க."

மறுநாள் எஸ்தர் மூன்று படிப்புகளின் பாடப் பட்டியலை அச்சடித்து வந்தாள். மலாயில் இருந்தது. மத்தெமாத்திக், கல்குலுஸ், ஸ்தாத்திஸ்திக் என்று கணக்கைக் குறிக்கும் மூன்று சொற்களை ஒரு தாளில் எழுதித் தந்தாள். அவற்றைத் தேடித் தேடி நான் வட்டம் போட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஏழு வட்டம். மென்பொருள் பொறியியலில் ஐந்து. தகவல் அமைப்பு என்ற படிப்பில் இரண்டு.

"ரெண்டுதானா? நல்லா பாத்தீங்களாப்பா?"

"மூணு தடவ பாத்துட்டேம்மா."

"ரெண்டுன்னா எப்படியாவது இழுத்துடுவேன்," என்று சொல்லி அழுதாள். அதையே முதல் விருப்பமாகப் போட்டாள். இடம் கிடைத்தது.

இரண்டாம் செமஸ்டரில் போன் செய்தாள். "அப்பா, ஒரு பாடத்த விட்டுட்டீங்க. பேருலதான் கணக்கு இல்ல, உள்ள முழுக்க கணக்கு!"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் செமஸ்டர் முழுவதும் அதற்காகவே ஜெபித்தேன். அவளும் கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். பாஸ் செய்துவிட்டாள்.

பட்டியல் பார்த்த அன்றே அந்தப் பாடத்துக்கும் மூன்றாவது வட்டம் போட்டிருந்தால் அவள் பயந்து விண்ணப்பித்தே இருக்க மாட்டாள். என் கண்ணுக்கு அதை மறைத்தவர் கர்த்தர் என்றே நம்புகிறேன்.

இன்னும் குலைதான் வெட்டுகிறேன். முதுகுவலியும் போகவில்லை. ஆனால் இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் மகள் பெயரைச் சொல்லி ஜெபம் கேட்கிறேன். என்னைப்போல் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களே, உங்கள் வீட்டுப் பாரத்தைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். களைத்த குரலாக இருந்தாலும் அவர் கேட்கிறார்.