சாமை அரிசியை ஊருக்கே விற்றுக்கொடுத்த புனிதா அக்கா

புனிதா அக்கா போய்விட்டார். காலையில் ஆட்டோ டிரைவர் ஏழுமலை போன் செய்து, "அக்கா போய்டுச்சுபா... ஹார்ட் அட்டாக்" என்றார்.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அவர் முகம் தெரியாமல் இருக்கலாம், குரல் தெரியும். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, புது கிளினிக், காணாமல் போன ஆடு, சாவு அறிவிப்பு... ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போவார்களே, அதில் பாதி அவர் எழுதி அவரே பேசியது.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது.

நானும் என் மனைவி பூங்கொடியும் கல்வராயன் மலைக்காரர்கள். வருஷத்தில் நாலு மாசம் கேரளாவில் மிளகு பறிப்போம், பிள்ளைகள் இரண்டும் மலையில் ஹாஸ்டலில் இருக்கும்.

ஒருமுறை திரும்பி வந்தபோது சின்னவள் எங்களைப் பார்த்து ஓடி வரவில்லை. வார்டன் பின்னால் போய் நின்றுகொண்டாள். இனிமேல் கேரளா கிடையாது என்று பூங்கொடி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாமை, தினை, தேன் விற்கிற கடையைப் போட்டோம். ஓடவில்லை என்றால் திரும்பவும் மிளகுதான்.

திறப்பு விழா பிளெக்ஸுக்கு வாசகம் எழுத அக்காவிடம் போனேன். கையில் இருபத்தாறு போட்டோ... தாய்மாமன், பங்காளிகள், ஊர்ப் பெரியவர்கள். ஒருத்தரை விட்டாலும் நான் மலைக்குத் திரும்பிப் போக முடியாது.

"மொதலாளி, இது கடை பேனரா, ரேஷன் கார்டா?" என்றார் அக்கா. பத்துக்குப் பத்து கடை வைத்திருப்பவனையும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்.

"மூஞ்சி போடலன்னா மாமன் வரமாட்டாருக்கா."

"மாமன் வந்து சாமை வாங்கப் போறாரா? அவுரு வூட்லயே மூட்ட மூட்டயா கெடக்குது! இன்னா விக்கிறன்னு பெருசா போடு."

நான் கேட்கவில்லை. இருபத்தாறு முகமும் அம்சமாக வந்தன. சாமை மட்டும் ஓரத்தில் எறும்பு சைஸில் இருந்தது.

திறப்பு விழாவன்று ஒரு பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்து, "எந்தப் புள்ளைக்குங்க காது குத்தறீங்க?" என்று கேட்டார். காபி குடித்துவிட்டு, பிள்ளையைத் தேடிப் பார்த்துவிட்டு, வாழ்த்திவிட்டும் போனார்!

அக்காவிடம் இதைச் சொன்னால் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். எனக்குக் கோபமான கோபம்... அப்புறம் நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் இரண்டு வாரம் ஈ ஓட்டினோம். மறுபடியும் அக்காதான். இந்தமுறை நார்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து என்று ஒரு பக்கம் நானே எழுதிக் கொண்டுபோனேன்.

"மருந்து கடையா வெச்சிக்கினு இருக்கிற? ஆட்டோ போய்க்கினே இருக்கும்பா. டீ குடிக்கிறவன் காதுல பத்து வார்த்த உழுந்தா ஜாஸ்தி. அந்தப் பத்துல இன்னா சொல்வ?"

நான் என் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அக்காவே கடைக்கு வந்து அரை கிலோ சாமை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு கடைக்கு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே கூழ். "இத வெச்சி போஸ்டர்தான் ஒட்டலாம்" என்றார். அரிசிச் சாதத்துக்கு ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

பூங்கொடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவுக்குக் கோபமே வரவில்லை. "இதாம்பா விஷயம்! ஊர்ல சாமை புடிக்காம இல்ல. ஆக்கத் தெரியாம பயந்துக்கினு வாங்காம போறாங்க" என்றார்.

பிறகு போனைத் தராசு மேல் வைத்துவிட்டு பூங்கொடியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அது ரெக்கார்டு ஆகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

திருப்பிப் போட்டுக் காட்டினால் பூங்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு டம்ளர் சாமைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிக்கா, அவ்ளோதான். எங்க வூட்டுக்காரருக்கு விக்கத் தெரியாது... எனக்கு ஆக்கத் தெரியும். வந்து சாப்ட்டுப் பாருங்க."

"இத போட்டா மானம் போய்டும்க்கா" என்றேன். "உன் மானம் போனா போவட்டும், சாமை போவணுமே!" என்றார். பூங்கொடி விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் ஆட்டோ சுற்றியது. கடை முன்னால் அடுப்பு வைத்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் என்னைத்தான் பார்த்தார்கள்... விற்கத் தெரியாத அந்த ஆள் யார் என்று! பார்த்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டார்கள், அரை கிலோ வாங்கினார்கள்.

அக்கா எதிர் டீக்கடையில் நின்று, பெண் பார்க்க வந்த வீட்டை நோட்டம் விடுகிற மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேசான ஆளும் கிடையாது. எழுதியதில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னால் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். கடைக்கு வரும்போதெல்லாம் தேன் பாட்டிலுக்குள் நேராக விரலை விட்டு நக்குவார்... அந்த பாட்டிலை யாருக்கு விற்பது? அவருக்கென்றே ஒன்று தனியாக வைத்துவிட்டோம்.

அந்த வருஷம் நாங்கள் மிளகு பறிக்கப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. பிள்ளைகளையும் ஹாஸ்டலிலிருந்து எங்களோடு கூட்டி வந்துவிட்டோம்.

இன்றைக்கு ஒன்பது மணிக்கு ஏழுமலை ஆட்டோவோடு கடைக்கு வந்தார். "ஊருக்குச் சொல்லணும்பா. எல்லா சாவுக்கும் அக்காதான் பேசும்... அக்காவுக்கு யார் பேசறது?"

நான் எழுதிப் பார்க்கலாமென்று பேப்பரைத் தேடினேன். பூங்கொடி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ரெக்கார்டு செய்ய ஏழுமலையின் போனை வாங்கிக்கொண்டாள்.

"புனிதாக்கா போய்ட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறாங்க. எம் புள்ளைங்க ரெண்டும் இன்னிக்கு எங்கூட தூங்கி எழுந்துக்குதுங்கன்னா அது அவங்களாலதான். வந்து பாத்துட்டுப் போங்க."

சாவு அறிவிப்பில் இப்படியெல்லாம் சொல்வதில்லையே என்று ஏழுமலை தயங்கினார். "இருக்கட்டும்ணா" என்றாள்.

இப்போதுதான் ஆட்டோ எங்கள் கடையைத் தாண்டிப் போனது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

போய் வாங்க அக்கா...