ஆற்றில் ஏறிய கெளிறு

ஆற்று நீரைச் சோதிக்க வந்த பெண்பிள்ளை போத்தலைத் திறந்ததும் பாசி மணந்தது. அந்த மணத்தோடு, அணைக்குள் அமிழ்ந்துபோன எங்கள் பழைய ஆற்றுத்துறையும், மாரியின் முதல் வெள்ளத்தில் முழங்காலை உரசிக்கொண்டு மேலேறும் கெளிற்று மீன்களும், முள் குத்திவிடுமென்று பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்ற நாங்களும் வந்துவிட்டோம்.

"அம்மா, சின்ன வயசில இதில மீன் ஏறினதைக் கண்டனீங்களோ?"

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

"ஏறினதெண்டால் அணையைத் திறந்து மீனுக்கும் தண்ணி விடவேணும் எண்டு அறிக்கையில எழுதலாம்."

மீனுக்கு விட்டால் கோடையில் என் மகனுடைய சிறுபோக வயலுக்குத் தண்ணீர் ஏது? நான் பொய் பேசாதவள் என்று ஊருக்கே தெரியும்.

"உடுப்புத் தோய்க்கத்தான் போனனான். மீன் ஒண்டையும் காணேல்லை," என்றேன்.

"ஓம், இந்த ஊரில ஒருத்தருமே காணேல்லையாம்," என்று சொல்லி, எழுதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.