கோணல் கட்டைத் துப்பாக்கி

பாலிகஞ்சில் ஜம்புநாதன் வீட்டுக்கு யார் போனாலும், காபி வருவதற்குள் அந்த ஏர் ரைஃபிளைப் பார்த்தாக வேண்டும். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அதைப் படுக்க வைத்திருந்தார். குழல் ஜெர்மனியிலிருந்து வந்தது. மரக்கட்டை மட்டும் கல்கத்தாவில் சொல்லிச் செய்தது. அந்தக் கட்டை நேராக இருக்காது. பிடிக்குப் பின்னால் ஒரு பக்கமாக வளைந்து போகும். பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை. '1961, முதல் பரிசு' என்பதைத் தவிர அதில் வேறு எழுத்து இல்லை.

“எங்கப்பா ஜெயிச்சது,” என்று ஆரம்பிப்பார். போட்டி அன்று நல்ல மழை. மற்றவர்கள் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். அப்பா வைத்தீஸ்வரன் மட்டும் நனைந்துகொண்டே சுட்டார். நடுவராக இருந்த வெள்ளைக்காரர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். கட்டையை வளைத்துச் செய்தது அப்பாவின் சொந்த யுக்தி; அதன் ரகசியத்தை யாருக்கும் அவர் சொல்லவில்லை.

ஜம்புநாதன் பொய்க்காரர் இல்லை. பேங்கில் இருந்த காலம் முழுவதும் நேர்மையான ஆபீசர் என்று பெயர் எடுத்தவர். துப்பாக்கி விஷயத்தில் மட்டும், சொல்லச் சொல்ல அந்தக் கதை வளர்ந்தது. அவருக்கே அது பழகிவிட்டது.

போன வருஷம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு மாலைக் கூட்டம் நடந்தது. தலைமுறைகளாகக் கல்கத்தாவில் இருக்கிற குடும்பங்களைப் பற்றி அவரவர் வீட்டார் பேசவேண்டும். ஜம்புநாதன் துப்பாக்கியையும் கோப்பையையும் மேடையில் சிவப்புத் துணி விரித்து வைத்தார். அப்பாவின் தங்கை காமு அத்தையும் காளிகாட்டிலிருந்து வந்திருந்தாள். எண்பத்து நாலு வயது. கல்யாணமாகாதவள். தனியாக இருக்கிறாள். வெளியே வந்தால் எப்போதும் கறுப்புக் கண்ணாடி. சின்ன வயதில் பட்டாசு வெடித்து வலது கண் போய்விட்டது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைமை விருந்தினர் குடும்பத்தோடு வந்து சேர்ந்ததும் ஜம்புநாதன் குனிந்து, “அத்தை, கொஞ்சம் பின்னாடி மாறிக்கிறேளா?” என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவர் மேடையேறி மழையையும் வெள்ளைக்காரரையும் பற்றிப் பேசினார். நல்ல கைதட்டல்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர் மூலமாக ஒரு துப்பாக்கி கிளப்புக்குச் செய்தி போயிற்று. அங்கே பயிற்சியாளராக இருந்த நிர்மால்ய தத்தா போன் செய்தார். குளிர்காலப் போட்டியின்போது பழைய துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைக்கிறோம், உங்களுடையதையும் கொண்டுவர முடியுமா, அதன் வரலாற்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைப்போம் என்றார். ஜம்புநாதனுக்கு உச்சி குளிர்ந்தது. மனைவி அமலாவையும் அழைத்துக்கொண்டு டாக்ஸியில் போனார்.

கிளப்பில் நாலைந்து பேர் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். போட்டோ எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். “நீங்களே பிடியுங்கள், சுட்டவருடைய பிள்ளை அல்லவா?” என்றார் நிர்மால்ய தத்தா பெங்காலியில்.

இத்தனை வருஷத்தில் ஜம்புநாதன் அதைத் துடைத்திருக்கிறார், எண்ணெய் போட்டிருக்கிறார். தோளில் வைத்துக் குறி பார்த்ததே இல்லை. இப்போது வலது தோளில் கட்டையை வைத்து, கன்னத்தைப் பதித்து, எல்லோரும் செய்கிற மாதிரி இடது கண்ணை மூடினார். மரம்தான் தெரிந்தது. குழல் எங்கேயோ மூக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. கழுத்தை வளைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கட்டையும் குட்டையாக, முழங்கை மடங்கி இடித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“வலது கண்ணை மூடிப் பாருங்கள்,” என்றார் நிர்மால்ய தத்தா.

மூடினார். இடது கண்ணுக்கு நேராகக் குழல் வந்து நின்றது. அதன் நுனி, அதற்கப்பால் சுவரில் ஒட்டியிருந்த குறிவட்டம், எல்லாம் ஒரே கோட்டில் தெளிவாகத் தெரிந்தன.

“வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்தது,” என்றார் அவர். “வலது கண் இல்லாதவர்களுக்குத்தான் இப்படி வளைப்பார்கள். உடம்பும் சின்ன உடம்பாக இருந்திருக்கும். உங்கள் அப்பாவுக்குப் பார்வை எப்படி?”

ஜம்புநாதன் துப்பாக்கியை இறக்கினார். அப்பா ஆறடி உயரம். கடைசி வரை கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தவர்.

“ஆமாம்,” என்றார். “அப்பாவுக்கு வலது கண் மங்கல்தான். வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்.”

சுற்றியிருந்தவர்கள் உருகிப்போனார்கள். பார்வை மங்கியவர் மழையில் சுட்டு ஜெயித்தார் என்றால் எப்பேர்ப்பட்ட விஷயம்! நிர்மால்ய தத்தா அப்போதே குறித்துக்கொண்டார். அமலா கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் அவள் கேட்டாள். “ஏன்னா, மாமாவுக்கு எப்போ கண் மங்கித்து?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வலது கண் இல்லாதவா நம்மாத்துல ஒருத்தர்தானே இருக்கா?”

“தெரியும் அமலா. இப்ப பேசாம வா.”

அவருக்குக் காது வரை சுட்டது. முப்பது வருஷமாகச் சொன்ன பொய் தெரியாமல் சொன்னது. அதை மன்னித்துக்கொள்ள வழி இருந்தது. இன்றைக்குச் சொன்னது தெரிந்தே சொன்னது.

அதற்குப் பிறகும் உடனே அத்தையிடம் போகவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். கிளப்பிலிருந்து அட்டையின் படம் போனில் வந்தது. 'பார்வைக் குறையை வென்ற வைத்தீஸ்வரன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்த அன்று சட்டையை மாட்டிக்கொண்டு காளிகாட்டுக்குக் கிளம்பினார்.

காமு அத்தை கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி இல்லை. கண்ணாடியில் செய்த வலது கண் அசையாமல் அவரைப் பார்த்தது. அவர் கடைசியாக எப்போது இந்த வீட்டுக்கு வந்தார் என்று யோசித்தார், நினைவு வரவில்லை.

“வா ஜம்பு. அமலா சௌக்கியமா?”

“சௌக்கியம்.” உட்கார்ந்தார். வரும் வழியில் தயார் செய்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. “அத்தை, அந்தத் துப்பாக்கி உங்களோடதா?”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை. தோள்ல வெச்சுப் பார்த்தேன்.”

“ஓ.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “இத்தனை நாள் வெச்சே பார்க்கலையா நீ?”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயதில், காளி பூஜை அன்று, அண்ணா வைத்தி ஒரு தூப்ரியைப் பற்றவைத்தான். மண் சட்டியில் மருந்தடைத்த பூவாணம் அது. எரியவில்லையே என்று அவள் குனிந்தபோது வெடித்தது. கல்லூரியில் என்சிசி-யில் சேர்ந்து அவள் சுடக் கற்றுக்கொண்டாள். இடது தோளில் வைத்தால் கை நடுங்கியது. வலது தோளில் வைத்தால் பார்க்கக் கண் இல்லை. அப்போது வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த வைத்தி ஒரு பழைய ஏர் ரைஃபிளை வாங்கி, துப்பாக்கிக் கடைத் தச்சரிடம் அவளை டிராமில் அழைத்துப் போனான். அந்த ஆள், தையற்காரர் மாதிரி, நூலைப் பிடித்து அவள் தோளுக்கும் கன்னத்துக்கும் கண்ணுக்கும் அளவெடுத்தார்.

“வைத்தி அங்கேயே ஒரு ஓரமா நின்னு அழுதான்,” என்றாள் அத்தை. “அந்த மட்டும் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.”

“கோப்பை?”

“நான் வாங்கினதுதான். பெண்கள் பிரிவுல. அடுத்த மாசமே என்னைப் பொண் பார்க்க வந்தா. அலமாரியில கோப்பை இருந்தது. இது யாருதுன்னு கேட்டா. எங்கப்பா, பையன் ஜெயிச்சதுன்னுட்டார். துப்பாக்கி சுடறா, ஒரு கண் வேற இல்லைன்னு தெரிஞ்சா யார் பண்ணிப்பா? வைத்தி ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. வந்தவா போயிட்டா. அப்புறமும் யார் யாரோ வந்தா, போனா. சொன்னது மட்டும் அப்படியே நின்னுடுத்து.”

“அப்புறம் நீங்க சுடவே இல்லையா?”

“துப்பாக்கி பரண் மேல போயிடுத்தே.”

ஜம்புநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை திடீரென்று கேட்டாள். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மழை பெஞ்சுது, வெள்ளைக்காரன் ஓடிவந்தான்னு மைக்ல சொன்னியே, அதெல்லாம் வைத்தி சொன்னானா உன்கிட்ட?”

அப்பா மேல் போட்டுவிட்டால் முடிந்தது. அப்பா இப்போது இல்லை. ஜம்புநாதனுக்கு வாய் வரை வந்தது.

“இல்லை அத்தை. அப்பா அதைப் பத்திப் பேசினதே கிடையாது. நானா சேர்த்துண்டது.”

“கேக்க நன்னாத்தான் இருந்தது,” என்றாள். “அன்னிக்கு மழையெல்லாம் இல்லை. சரியான வெயில்.”

“நீங்க அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாமே.”

“பின்னாடி போய் உட்காருன்னே. உட்கார்ந்தேன். அங்கேர்ந்து கத்தணுமா?”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. “தப்பு அத்தை,” என்றார். அவள் அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அதைக் குடித்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் கிளப்புக்குப் போய் நிர்மால்ய தத்தாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தான் அங்கே சொன்ன பொய் உட்பட. அவர் கேட்டுக்கொண்டார். முகம் கொஞ்சம் இறுகியது. “அட்டையை மாற்றிவிடுவோம்,” என்று கணினியைத் திறந்தார். “அந்த அம்மாவின் முழுப் பெயர்?”

ஜம்புநாதன் வாயைத் திறந்தார். காமு. காமாட்சியா, காமேஸ்வரியா? பிறந்ததிலிருந்து காமு அத்தை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வெளியே வந்து போன் செய்தார்.

“காமேஸ்வரி,” என்றாள் அத்தை. “வீட்டுப் பேரைப் போடாதே, அதையே போடு.”

அட்டை மாறியது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஜம்புநாதன் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கி, அன்று சொன்னது பொய், ஜெயித்தவர் என் அத்தை என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். வாசலில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும் சார்,” என்றார். ஜம்புநாதன் கையை உருவிக்கொண்டு வேகமாக நடந்தார். இதற்கும் தனக்கே பாராட்டா என்று அவமானமாக இருந்தது.

காட்சிக்கு வரும்படி அத்தையைக் கூப்பிட்டார். அவள் மறுத்துவிட்டாள். “இருக்கிற கண்ணுலயும் புரை விழுந்திருக்குடா. அங்க வந்து என்னத்தைப் பார்க்கப்போறேன்? வர மாசம் ஆபரேஷன். பக்கத்து ஃப்ளாட் பொண்ணு கூட வரேன்னிருக்கா.”

அவருக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை.

“நான் வரட்டுமா அத்தை?”

“உனக்கு முடிஞ்சா வா,” என்றாள். “காலம்பரமே போகணும். லேட் பண்ணாதே.”