கரகரப்பு நீக்கித் தரப்படும்

பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கும், பாட்டுக் கேட்கத்தான் கிடைக்காது. தட்டைக் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், ஊசியைத் துடைக்க வேண்டும். ஓடி முடிந்ததும் கரகரப்பை நீக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் பாடியவர், வருஷம், வகை என்று விவரம் ஏற்ற வேண்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் என் அறை இருக்கிறது. வாசலில் ‘கரகரப்பு நீக்கித் தரப்படும்’ என்று பலகை.

கைக்கடிகாரமோ கைப்பேசியோ, அடுத்தவர் வீட்டுப் பொருளைக் கையில் வாங்கிப் பழுது பார்க்கிற எல்லாருக்கும் நான் படும் பாடு தெரிந்திருக்கும். ஒரு மனிதரின் குரலை நான் தொலைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் யாருக்குத்தான் தன் தப்பை முதல் வரியிலேயே சொல்ல மனசு வருகிறது? நான் ஒழுங்காக இருந்த கதைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துணி மடிக்கும்போது

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தனபால் அங்கிள் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மார்க்கெட்டுக்குப் போகும் தள்ளுவண்டியில் நாற்பது தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு போர்வையும் போர்த்திக் கொண்டுவந்திருந்தார். வழக்கம்போல ஒரு படிவம் கொடுத்தேன். ‘வகை’ என்ற இடத்தில் ‘ஞாயிறு காலை’, ‘துணி மடிக்கும்போது’, ‘சண்டைக்கு அப்புறம்’ என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

வகை என்றால் பக்தி, சினிமா, நாட்டுப்புறம் என்று வர வேண்டும் என்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி விளக்கினேன். பாதி தூக்கத்தில் இருப்பவர்போல முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? சண்டை போட்டா என் பெண்சாதிக்கு எந்தப் பாட்டைப் போடணும், அது தெரிஞ்சா போதும்.”

தாவுகிற இடம்

அந்த நாற்பதில் ஒரு தட்டில் கீறல். ஒரு இடத்தில் ஊசி தாவி, பாட்டில் ஒரு வரி முழுங்கிப் போகும். நான் சும்மா இருப்பேனா? இன்னொரு வாடிக்கையாளரிடம் அதே தட்டு இருந்தது. அவரிடம் கேட்டு வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து இதில் ஒட்டினேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அங்கிள் கேட்டார். முகம் மலரவில்லை. அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்த இடத்தில் தாவித்தான் பாடுவார்களாம். நல்ல வேளை, எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தட்டிலிருந்து முதலில் எடுத்த பதிவை, கரகரப்போடு, கை வைக்காமல், மூலக் கோப்பு என்று தனியாக வைத்திருக்க வேண்டும். அதை எடுத்து இரண்டே நிமிஷத்தில் கொடுத்தேன். தாவலைக் கேட்ட பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. போகும்போது என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: “நீ நல்லாத்தான் பண்ணியிருந்த. ஆனா அது வேற யார் வீட்டுத் தட்டோ லா.”

ஒரு தடவைதான் ஓடும்

தீபாவளிக்கு முந்தின வாரம் செங்காங்கிலிருந்து வனிதா என்ற நர்ஸ் வந்தார். பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு தட்டு. கடையில் வாங்கியதில்லை. அந்தக் காலத்துக் கேளிக்கைப் பூங்காக்களில் சின்னக் கண்ணாடி அறை ஒன்று இருக்கும். உள்ளே போய்ப் பாடினால் அங்கேயே தட்டில் பதிந்து கொடுப்பார்கள். அலுமினியத் தகட்டின்மேல் கறுப்புப் பூச்சு, அவ்வளவுதான். வயதானால் அது உரியத் தொடங்கும். வனிதாவின் தட்டில் ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. “ஒரு தடவைதான் ஊசி ஓடும், அதோட சரி” என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணமான புதிதில் அவர் அப்பா பாடியது. வனிதா ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துபோய்விட்டார். அவருடைய குரல் என்று வீட்டில் வேறெதுவும் இல்லை. பிளேயர் கெட்டுப்போய், எத்தனையோ வருஷமாக இதையும் யாரும் கேட்கவில்லை. படிவத்தில் ‘அப்பா பாடியது, ஒரு பாட்டு’ என்று மட்டும் எழுதினார். தட்டை முன்பு கேட்டவர்களிடம் அதில் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் நான் ஊசியை வைப்பதில்லை. “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றீங்களா?” என்றேன். வனிதா இரண்டு கையையும் ஆட்டினார்: “ஐயோ, அம்மாவுக்குத் தெரியவே கூடாது. எண்பதாவது பர்த்டே, சர்ப்ரைஸ் லா அக்கா! கரகரன்னு வராம க்ளீனா பண்ணிக் கொடுங்க, போதும்.”

பாட்டு முடிந்த பிறகு

அந்த வாரம் என் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதியது வரும்வரைக்கும்தானே என்று, கரகரப்பு நீக்கியதும் மூலக் கோப்பைத் தானே அழித்துவிடும்படி மென்பொருளில் ஒரு கட்டத்தை டிக் செய்து வைத்தேன். அதே மென்பொருள் பாட்டு முடிந்த பிறகு வரும் மெல்லிய சத்தத்தையும் வெறும் இரைச்சல் என்று நறுக்கிவிடும். அதனால்தான் தட்டு சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பசி. முதல் சரணம் கேட்டேன். சுமாரான குரல்தான் என்று நினைத்தேன். கீழே போய் இரண்டு வடை சாப்பிட்டு, பூக்கடைக்காரரிடம் கொஞ்சம் ஊர்க்கதை பேசிவிட்டு மேலே வந்தேன். கோப்பு பளிச்சென்று தயாராக இருந்தது. தட்டின் பூச்சு சுருள் சுருளாக உரிந்து கிடந்தது. தப்பித்தோம், பாட்டைப் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறந்தநாள் முடிந்த மறுவாரம் வனிதாவின் அம்மா சரஸ்வதி ஆன்ட்டியே மகளோடு மாடி ஏறி வந்தார். கைப்பேசியில் கடைசிப் பகுதி சரியாகக் கேட்கவில்லையாம், என் பெரிய மெஷினில் கேட்க வேண்டுமாம். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். பாட்டு முடிந்தது. அவர் கழற்றவில்லை. நான் கழற்றப் போனபோது, இரு என்று விரலைத் தூக்கிக் காட்டினார். “பாட்டு முடிஞ்சதும் திரும்பிப் பாத்து ‘சரசு, கேக்குதா?’ன்னு கேப்பாரும்மா. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன்ல. அது எங்க?” என்றார்.

அவர்களை உட்கார வைத்துக் கணினி முழுக்கத் தேடினேன். அந்த மூலக் கோப்பு இருந்த இடத்தில் வேறு யாருடைய பாட்டோ ஏறியிருந்தது. டிக் செய்த கட்டத்தைச் சொன்னேன், வடை சாப்பிடப் போனதையும் சொன்னேன். அப்பா அப்படியொரு வார்த்தை பேசியிருக்கிறார் என்பதே வனிதாவுக்கு அப்போதுதான் தெரியும். அவர் அழ ஆரம்பித்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லும்போதே நானும் அழுதுவிட்டேன். ஆன்ட்டி ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, என் கையைத் தட்டிக் கொடுத்தார்: “அழாதம்மா. அவரு பாட்டு எப்பவுமே சுமார்தான். அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் நான் முழுசையும் கேப்பேன்.”

இத்தனை வருஷத்தில் என் கையிலிருந்து போன கோப்புகளில் துளிக் கரகரப்பும் இல்லாதது அந்த ஒன்றுதான்.