ரோஸ் கலர் சீர்

என் சடங்குக்குத் தாய்மாமன் கொண்டுவந்த சீர்த்தட்டுகளில் பழம் இருந்தது, பட்டு இருந்தது, வளையல் இருந்தது. சங்கிலி இருக்க வேண்டிய தட்டில் மட்டும் ஒரு லேப்டாப் இருந்தது. அதுவும் ரோஸ் கலரில், பளபளவென்று, ஒல்லியாக. குத்துக்கல்வலசை மண்டபமே எட்டி எட்டிப் பார்த்தது.

மாமாவுக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் கடை. சாரல் சீசன் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்து சம்பாதித்த காசு அது. அப்பாவின் தங்கச்சி, என் அத்தைக்கு அதெல்லாம் எதற்கு? "என்ன மதினி, ஒங்க தம்பி தங்கத்துக்குப் பதிலா தகரத்தக் கொண்டாந்திருக்காரு?" என்று அம்மாவிடம் கேட்டாள். மைக் இல்லாத குறைதான். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை முட்டியது. மாமா சங்கிலி போடுவார் என்று தோழிகளிடம் வேறு பீற்றியிருந்தேன்.

அம்மா மாமாவை ஓரமாக இழுத்துப்போனாள். "ஏலே, இதே வேலயச் செய்யுற கருப்புப் பெட்டி பாதி வெலைக்குக் கெடைக்கும்லா? எதுக்கு இந்தப் பவுசு?"

"பவுசுக்குத்தாங்க்கா வாங்குனேன்" என்று மாமா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் அண்ணன் அதைக் கையில் எடுத்தான். எனக்கென்று வாங்கிய சைக்கிளை ஒரே வாரத்தில் தனதாக்கிக்கொண்டவன் அவன். கேட்டால், "ஆம்பளப் பிள்ள, வெளிய தெருவ போறவன்லா" என்பார் அப்பா. லேப்டாப்பை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். "ச்சை, இந்தக் கலர காலேஜுக்குக் கொண்டு போனா பயலுவ ஓட்டியே கொன்னுருவானுவ. நீயே வச்சுக்கட்டி" என்று என் மடியில் போட்டான். அப்பா தன் கடைக் கணக்குக்கு வேண்டும் என்று கேட்டபோது அம்மாவே குறுக்கே வந்தாள். மாமன் சீரைக் கடையில் கொண்டு போடக் கூடாதாம்.

பள்ளிப் பாடம், கல்லூரிப் படிப்பு, வேலைக்குப் போட்ட மனு எல்லாம் அதில்தான். மகராசனா இருக்கணும் மாமா.

போன மாதம் மாமா மகளுக்கு லேப்டாப் வாங்கித் தர, அவளைத் தென்காசியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். ரோஸ் கலர் ஒன்றையும் கருப்பு ஒன்றையும் எடுத்து வைத்த கடைக்காரர், "உள்ள எல்லாம் ஒண்ணுதாம்மா. மினுக்குக்குத்தான் கூடுதல் வெல" என்றார். நான் கருப்பைத்தான் கையில் எடுத்தேன். "எங்க அண்ணனும் இதத்தான் பாத்து வச்சிருக்கான்" என்றாள் அவள்.

மாமா எதற்குச் சிரித்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருப்பைக் கீழே வைத்துவிட்டேன்.