ஆறாம் கூடாரத்து அட்டை

லுவாங்குவா ஆற்றங்கரை முகாமில் வெஸ்டன் ஜெரே இருபத்தாறு வருஷமாகத் துணி வெளுக்கிறார். வருகிற விருந்தாளிகள் சிங்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜெரே பார்ப்பதெல்லாம் அவர்களுடைய காலுறைகளைத்தான். சேற்றை வைத்தே ஆள் எந்த ஓடைப் பக்கம் போய் வந்தார் என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிப்ரவரியில் மழை கொட்டும். பாதைகள் முழுகிப்போய் ஜீப் நகராது, எங்கே போவதென்றாலும் படகுதான். விருந்தாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சும்மா கிடக்கும் கூடாரங்களில் பழைய ஆட்கள் மனைவியோடு இரண்டு நாள் விருந்தாளியாகத் தங்கிக்கொள்ளலாம் என்று முதலாளியம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜெரே வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவந்தார். இந்த வருஷம் அவரே போய்க் கேட்டார்.

காரணம் இருந்தது. ஜூன் முதல் முகாமிலேயே குடும்பத்தோடு இருக்க அவருக்கு ஒரு வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருஷத்தில் ஒன்பது மாதம் மனைவியைப் பிரிந்திருந்தது போதும் என்றாகிவிட்டது அவருக்கு. ஸெலிபாதான் பிடிகொடுக்கவில்லை.

"அந்த இடத்துக்குத்தான் என் புருஷனக் குடுத்துட்டேனே. இப்ப என்னையும் கேக்குதா?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ரெண்டு நாள் வந்து பாக்குறேன். அப்புறம் சொல்றேன்" என்று இறங்கிவந்தாள்.

அந்த இரண்டு நாளைத்தான் ஜெரே மலைபோல நம்பியிருந்தார்.

படகோட்டி முலெங்கா ஒரு பெம்பாக்காரன், ஜெரே ங்கோனி. இந்த இரண்டு இனமும் அந்தக் காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவை; இப்போது கேலிமுறைக்காரர்கள். என்ன பேசினாலும் கோபம் வரக்கூடாது. வந்தால், வந்தவனுக்குத்தான் அவமானம்.

"வாங்கக்கா! இந்த எலி தின்னிகிட்ட எப்படி மாட்டுனீங்க?" என்றான் முலெங்கா, ஸெலிபாவைப் படகில் ஏற்றிக்கொண்டே.

"கொரங்கு தின்ன வாயி, வேற எப்படிப் பேசும்?" என்றார் ஜெரே.

வெள்ளத்தில் முக்கால் உடம்பு மறைய நின்ற யானைகளுக்குப் பக்கமாகப் படகைக் கொண்டுபோனான். ஸெலிபா முகத்தைச் சுளித்தாள்.

"இதப் பாக்கவா கடல் தாண்டி வர்றாங்க? போன வருஷம் என் மக்காச்சோளத்த மொட்டையடிச்சது இந்த மூஞ்சிதான். தகரம் தட்டித் தட்டி என் கை காப்புக் காச்சுப்போச்சு!"

ஆனால் படகு கருங்காலித் தோப்புக்குள் நுழைந்ததும் அவள் பேச்சு நின்றது. மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. உச்சியில் நாரைகள் குஞ்சுகளுக்கு இரை கொடுத்துக்கொண்டிருந்தன. முலெங்கா இயந்திரத்தை நிறுத்தினான். ஸெலிபா கையை நீரில் விட்டு அளைந்துகொண்டே வந்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து ஜெரே பார்த்தது அன்றைக்குத்தான். மத்தியானம் களியும், கடலைப்பொடி போட்ட பூசணி இலையும் வந்தன. "உப்பு கம்மி" என்றாள். ஆனால் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஜெரேவுக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து ஆறாம் கூடாரத்துக்கு வந்தார்கள். அவர் வெளுத்த விரிப்பு, அவர் மடித்த துண்டு, காட்டத்தானே கூட்டிவந்திருக்கிறார்! ஸெலிபா குளியலறைக்குள் போனாள். போனவள் கையில் ஒரு அட்டையோடு திரும்பி வந்தாள். மிஷன் பள்ளியில் படித்தவள், உரக்கவே வாசித்தாள்.

"பெண்களின் உள்ளாடைகளை எங்கள் ஆட்கள் துவைப்பது வழக்கமில்லை. தயவுசெய்து இந்தச் சோப்புத் தூளைப் பயன்படுத்திக்கொள்ளவும்."

காலையில் கூடாரத்தைத் தயார் செய்தபோது, ஜெரேயின் பழகிய கை அதுபாட்டுக்கு அட்டையையும் வைத்திருக்கிறது.

"யாரு வச்சது?"

"நான்தான்... எல்லாக் கூடாரத்துலயும் வைக்கிறதுதானே, டிசா அம்மா." பிள்ளை பெயரைச் சொல்லித்தான் இருவரும் அழைத்துக்கொள்வார்கள்.

"டிசா அப்பா, முப்பத்திரெண்டு வருஷமா உங்க துணிய யாரு தொவைக்கிறா?"

"நீதான்."

"அதுல எத்தன அட்ட வச்சேன்?"

அவள் தன்னுடையதைத் தானே அலசி, தாழ்வாரக் கயிற்றில் போட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விருந்தாளியாம் விருந்தாளி!

அந்த வழக்கம் முகாம்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அந்தத் துணியைத் தொடமாட்டார்கள், பெற்ற தாயுடையதானாலும். தொட்டால் ஊர் சிரிக்கும். ஜெரேயும் தொட்டதில்லை.

விடிந்ததும் தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தார். காற்றில் கயிறு அறுந்து, துணிகள் சேற்றில் கிடந்தன. உள்பாவாடைமேல் ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. மழைக்காலத்தில் ஈரத்துணியில் முட்டையிடும் ஈ அது. இஸ்திரிச் சூடு காட்டாமல் உடுத்தினால் புழு தோலுக்குள் போய்விடும். பெண் விருந்தாளிகளின் துணிக்குச் சமையற்கட்டு மெர்சி சூடு காட்டுவாள். மெர்சி விடுப்பில் ஊருக்குப் போயிருந்தாள். ஜெரே சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளுப்புக் கொட்டகைக்கு நடந்தார்.

துவைத்துப் பிழிந்து, கரி இஸ்திரிப்பெட்டியைச் சூடேற்றி, மேஜையில் உள்பாவாடையை விரித்த நேரம் பார்த்தா முலெங்கா வரவேண்டும்?

"ஐயையோ! எல்லாரும் ஓடியாங்க! ஈட்டி புடிச்ச ங்கோனிப் பரம்பர உள்பாவாட புடிக்குது!"

சமையற்கட்டே திரண்டு வந்து சிரித்தது. ஜெரேவுக்குக் காது சூடானது. குரங்குப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுத் துணியை நன்றாக நீவினார்.

"சிரிச்சு முடிச்சாச்சா? போய்க் கொஞ்சம் நெருப்புக் கரி எடுத்துட்டு வா, மச்சான். ஆறிப்போச்சு. ரெண்டு பக்கமும் போடணும்."

முலெங்கா போய்க் கரி எடுத்துவந்து கொடுத்தான்.

ஸெலிபா எழுந்தபோது துணிகள் நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கொட்டகைச் சிரிப்பு அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவள் உள்ளங்கையை அந்தத் துணிமேல் வைத்தாள். சூடு இன்னும் இருந்தது. கையை எடுக்காமலே நின்றாள்.

"அந்த அட்ட எங்க?"

"கரிப்பெட்டில போட்டேன். நல்லா எரிஞ்சுது."

வெளியே மழை விட்டிருந்தது. அவள் வாசலுக்கு வந்து ஆற்றைப் பார்த்தாள்.

"ஜூன்ல பாத காஞ்சிருமா?"

"காஞ்சிரும். ஜீப்பு வரும்."

"என் உரல் அதுல ஏறுமா?"

ஜெரேவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் கையால் இஸ்திரி போட்ட விரிப்பு கசங்கிப்போனது. அதை நீவிவிட அவருக்குத் தோன்றவேயில்லை.