பாய் வீட்டுக் கிடா

போன ஞாயிறு திருப்பாதிரிப்புலியூர்க் கறிக்கடையில் நின்றிருந்தேன். பலகையில் வைத்திருந்த ஆட்டுத்தலையின் காதில் எண் பொறித்த தகட்டு வில்லை தொங்கியது. "லோன் ஆடு சார், இன்சூரன்ஸ் வில்லை" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டின் காதில் யாராவது கைவைத்திருப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குத் திக்கென்கிறது. காரணம் சொல்கிறேன்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் புவனகிரிக்குப் பக்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அக்கா மேல் பாசம் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அவள் வைக்கும் குழம்பின் மேல்.

அக்காள் கணவரான மாமா செம்மறி வைத்திருந்தார். செம்மறி என்றதும் கம்பளியை நினைக்க வேண்டாம். இவற்றுக்குக் கம்பளியே கிடையாது. குட்டை மயிர், சுட்ட செங்கல் நிறம், தொங்கும் காது, விரல்நீள வால். பெட்டைக்குக் கொம்பில்லை, கிடாவுக்கு முறுக்கிய கொம்பு. கறிக்காகவே வளர்ப்பது. பங்குனி வெயிலில் நாங்கள் சுருண்டு கிடக்கும்போது அவை வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்தச் சிவப்பு கலையாமல் இருந்ததற்குக் காரணம், இனவிருத்திக்கென்று மாமா வைத்திருந்த பொலிகிடா. அது இருக்கும்வரை வேறு கிடா எதுவும் அவர் மந்தையை அண்டாது. முட்டித் தள்ளிவிடும். என்னையும் ஒருமுறை தள்ளியது. எந்த இடத்தில் என்பது வேண்டாம்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வருவார், தோணி வியாபாரி. ஒரு வருஷம் பக்ரீதுக்கென்று குட்டியிலேயே ஒரு கிடாவைப் பிடித்து, விலையும் கொடுத்து, மாமாவிடமே வளர்க்க விட்டார். அதற்கு விதை நசுக்கிக் கொழுக்க வைத்தார் மாமா. நடுவில் வந்து பார்த்த பாய், "என்னாப்பா இது, என் மருமவனவிட ஜாஸ்தி கொழுப்பா இருக்கு!" என்றார்.

அறுப்பு முடிந்ததும் வயல்களில் எருவுக்காகக் கிடை போடுவார்கள். பல வீட்டு ஆடுகள் ஒன்றாக அடையும். அடையாளத்துக்கு, காதை வெட்டிவிடுவது வழக்கம். வீட்டுக்கு ஒரு வெட்டு. வெட்டாத காது பொலிகிடாவுக்கு மட்டும்தான். அதை ஊரே அறியும்.

பக்ரீதுக்கு இரண்டு நாள் முன்பு கிடாவைப் பரங்கிப்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மாமா, அவர் தம்பி சிகாமணி, நான். வாசலில் பாய் கிடாவின் முதுகைத் தடவினார், பல்லைப் பார்த்தார், காதைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"யாருப்பா இத வெட்டுனது?"

"நாந்தான் பாய்," என்றான் சிகாமணி, பெருமையாக. "மத்ததுக்கெல்லாம் நுனிதான். ஒங்க கிடாவாச்சே, தொலஞ்சிடக் கூடாதுன்னு பாதி காத எடுத்துட்டேன்."

பாய் சுவரில் சாய்ந்துவிட்டார். "காது துளி போனாக்கூட குர்பானிக்கு ஆவாதுப்பா. அல்லாவுக்கு அறுக்கறது ஊனமில்லாம இருக்கணும்."

ஒரு மாதமாக அந்தக் காதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் கண்ணுக்கு அது குறையே இல்லை. காது வெட்டாததுதான் எங்களுக்குக் கேட்பாரற்ற ஆடு.

மாமா கிடாவைத் திருப்பினார். வீட்டுக்கு வந்ததும் நேராகப் பொலிகிடாவின் கயிற்றை அவிழ்த்தார்.

அக்கா ஓடிவந்தாள். "ஏங்க, அதயா? புத்தி கெட்டுப்போச்சா?"

"காது முழுசா இருக்கறது இது ஒண்ணுதான்."

"அப்புறம் மந்த?"

"அவரு கிடாவ நாம கெடுத்துட்டோம். நம்ம கிடாதான் போவணும்."

சிகாமணி கட்டைச்சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். மறுநாள் பொலிகிடா பரங்கிப்பேட்டைக்குப் போனது. அது என்ன கிடா என்று பாயிடம் மாமா சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்கும் நான் அன்றைய நாட்குறிப்பில் "வெயில்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

விதை நசுக்கிய கிடா பொலிய உதவாது. வேறு ஆண்குட்டிகள் ஏற்கெனவே சந்தைக்குப் போயிருந்தன. அதே சிவப்பில் ஒரு கிடா தேடி மாமா எங்கெங்கோ அலைந்தார். அகப்படவில்லை. அதற்குள் கிடையில் அடுத்த வீட்டுக் கிடாக்கள் புகுந்துவிட்டன.

அடுத்த வருஷம் பாய் மறுபடி குட்டி பிடிக்க வந்தார். மந்தையைச் சுற்றி வந்தார். வெள்ளைத் திட்டு, கறுப்புத் திட்டு, சாம்பல்.

"செவலக் குட்டிங்க எங்கப்பா?"

மாமா சிரிக்காமல் சொன்னார்: "அத ஒங்க வூட்ல சாப்ட்டாச்சு பாய்."

பாய்க்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் அவர் குட்டி பிடிக்கவில்லை. கிழட்டுப் பெட்டைகள் இருந்தவரை அங்கே கொஞ்சம் சிவப்பு மேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை.